இடது கைக் கும்பிடு

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே புழுக்கம். கார் முழுக்க ஓக் மரத்து மகரந்தம், மஞ்சள் மஞ்சளாக. கழுவ வேண்டும். கழுவினால் மறுநாள் மழை வரும். வேலைகள்: துணி மடிப்பது, மாவு ஆட்டுவது, நிலாவின் ஸ்பைக்ஸ் ஷூவுக்கு லேஸ் (மறந்தாச்சு).

நேற்று நிலாவுக்குப் பள்ளியில் நீளம் தாண்டும் போட்டி. பதிமூன்று வயது, உயரம் அவள் அப்பா மோகன், கால் மட்டும் நான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஓடுவதற்கு முன்னால் மணல் குழி வரை நடந்து போனாள். அடி வைத்துத் தாண்டுகிற பலகைக்குப் பக்கத்தில் குனிந்தாள். தொட்டாள். விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடு என்று அவளுக்கு மூன்று வயதிலிருந்து கத்துகிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை. "இட்ஸ் எ புக், அம்மா. அதுக்கு ஃபீலிங்ஸ் கிடையாது." அப்படிப்பட்டவள் ஒரு பலகையைக் கும்பிடுகிறாள். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற வேறொரு பிள்ளையின் அம்மாவிடம் மகரந்தம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "கண்ணு, ஓடறதுக்கு முன்னாடி தொட்டுக் கும்பிட்டியே, அம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சா?"

"வாட்? ஓ, அதுவா. தட்ஸ் த நோக் டச். எங்க டீம்ல எல்லாரும் பண்றோம்."

நோக் டச்.

ஹைவேயில் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன். அடுத்த எக்ஸிட்டையும்.

ஏப்ரல் 7, திங்கள்

க்ளினிக்கில் இன்று ஏழு முழங்கால், இரண்டு தோள். மதியம் தயிர் சாதம். பிசியோதெரபி உதவியாளர் வேலையில் ஒரு வசதி, அடுத்தவர் மூட்டைப் பார்த்துக்கொண்டே நம் கதையை நினைத்துக்கொண்டிருக்கலாம்.

யாரும் படிக்கப் போவதில்லை, ஆனாலும் ஒரு முறை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன்.

நோக். தாய்லாந்துக்காரி. நூறு மீட்டர் தடை ஓட்டம். என்னைவிட மூன்று மாதம் சின்னவள். நோக் என்றால் அவர்கள் மொழியில் பறவை, வீட்டில் கூப்பிடும் பெயர். முழுப் பெயர் எனக்கு இன்றுவரை வாயில் நுழையவில்லை. நுழைக்க முயன்றதுமில்லை.

எனக்குப் பதினெட்டு வயது. பாங்காக்கில் ஜூனியர் போட்டி. ஈரோட்டை விட்டு நான் போன முதல் வெளியூர் சென்னை, முதல் வெளிநாடு அது. நான் ஓடிய ஒரே சர்வதேச ஓட்டமும் அதுதான். நான் மூன்றாவது லேன், அவள் நாலாவது. ஓட்டத்துக்கு முன்னால் நான் முதல் தடையிடம் போய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எப்போதும் செய்வதுதான். காலைத் தூக்கி ஒன்றின் தலைக்கு மேல் வீசப் போகிறோம், படவும் படலாம், முன்கூட்டியே ஒரு மன்னிப்பு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் ஸ்கூலில் வேறு ஒருத்தியும் தடையைக் கும்பிட்டதில்லை, நான்தான்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒய்?" என்றாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்: "லெக் டச். ஸோ, ஸாரி."

அவ்வளவுதான் பேச்சு. அவள் முதலாவது. நான் ஏழாவது தடையைத் தட்டி ஐந்தாவது.

ஆறு மாதம் கழித்து பேப்பரில் ஒரு படம். நோக், ஏதோ ஒரு ஊரில், குனிந்து தடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறாள். கீழே ஒரு வரி, "தாய்லாந்து வீராங்கனையின் விநோதப் பழக்கம்."

அவளுடைய பழக்கமாம்.

ஏப்ரல் 9, புதன்

ஒரு பட்டியல். இதைப் பல வருடமாக மனதிலேயே வைத்திருந்தேன், எழுதினால் அசிங்கமாகத் தெரியும் என்று. எழுதுகிறேன்.

அவள் மணிலாவில் முதல் தங்கம். நான் ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில்.

அவள் தோஹாவில் இறுதிச் சுற்று. நான் கல்யாண மண்டபத்தில், வலது காலை எடுத்து வைத்து.

அவள் ஐரோப்பாவில் ஒரு கோடை முழுக்க, வாரம் ஓர் ஊர், விமானம், ஹோட்டல், ஓட்டம். நான் டெக்ஸாஸ் அபார்ட்மென்ட்டில், வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில், துணி டிரையர் நிற்கும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு.

அவள் உலகப் போட்டியில் அரை இறுதி. நான் பிரசவ வார்டில். நர்ஸ் டிவியை மாற்றும்போது ஒரு விநாடி தெரிந்தாள்.

அவளுக்கு முழங்கால் ஆபரேஷன், பிள்ளை, மறுபடி ஓட்டம், முப்பத்தாறு வயதில் மறுபடி தங்கம். நான் முப்பத்தாறில் பிசியோ கோர்ஸ் சேர்ந்தேன். அடுத்தவர் முழங்காலைத் தொட.

ஒலிம்பிக் இரண்டு முறை போனாள். பதக்கம் இல்லை. அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. இல்லை, சின்ன ஆறுதல் இல்லை.

ஒரு முறை அவள் இறுதிச் சுற்றில் விழுந்தாள். மூன்றாவது தடை, முகம் குப்புற. அன்று நான் ரவா கேசரி கிண்டினேன். நிறைய முந்திரி போட்டு. "என்ன விசேஷம்?" என்று மோகன் கேட்டார். சும்மா என்றேன். அவர் இரண்டு கப் சாப்பிட்டார். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பொறாமைதான். இதற்கு எதற்கு வேறு பெயர்.

ஏப்ரல் 10, வியாழன்

இடைவேளையில் ஸ்டெல்லா அக்காவிடம் பாதி சொன்னேன். கேசரியை விட்டுவிட்டு. ஸ்டெல்லா அக்கா க்ளினிக்கில் ரிசப்ஷன், யாழ்ப்பாணம், ஞாயிறு தவறாமல் சர்ச்.

"ஒரு கும்பிடுக்கு உரிமை கேக்கிறீர். உமக்கென்ன விசரே?" என்றார். "நாங்கள் சிலுவை போடுறம். ஆராவது வந்து அது என்ர எண்டு சண்டை பிடிக்கினமே?"

"அக்கா, அவ இடது கையால பண்றா."

அக்கா டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இடக் கையாலயோ?"

"இருபத்து நாலு வருஷமா. பீச்சாங்கையால."

"அது வடிவில்லைத்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

இதுதான் எனக்கு அடங்கவே அடங்காத விஷயம். எடுத்ததுதான் எடுத்தாள், ஒழுங்காகவாவது எடுக்கக் கூடாதா? எந்த வீடியோவைப் பார்த்தாலும் இடது கை. இடது கையால் தொட்டு, இடது கையால் கண்ணில். அதையும் உலகம் முழுக்கப் பிள்ளைகள் அப்படியே செய்கிறார்கள். என் வயிற்றில் பிறந்ததும் சேர்த்து.

ஏப்ரல் 12, சனி

காலை ஓட்டம் இரண்டு மைல். நடந்தது அதில் பாதி.

நிலாவிடம் சொல்லிவிட்டேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. தோசைக் கல்லுக்கு முன் நின்றுகொண்டு, முதுகைக் காட்டியபடி. "நோக் டச்னு சொல்றீங்களே, அது அம்மாவோடது. பாங்காக்ல என்னைப் பாத்துத்தான் அவ கத்துக்கிட்டா."

திரும்பிப் பார்த்தால், வாயில் தோசையோடு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறாள்.

"ஷ்யூர், அம்மா."

"என்ன ஷ்யூர்?"

"நத்திங். ப்ரூஃப் இருக்கா?"

"ப்ரூஃபா? கோர்ட்டாடி இது? அன்னைக்கு மணிக்கட்டு மட்டும் சுளுக்காம இருந்திருந்தா..."

"ஐ நோ. த ரிஸ்ட்" என்றாள். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

பாங்காக் போவதற்கு ஒரு வாரம் முன்னால் சென்னை கேம்பில் விழுந்தேன். வலது மணிக்கட்டு. இன்றைக்கும் முழுதாகத் திரும்பாது, ஊறுகாய் ஜாடியை நிலாதான் திறந்து தர வேண்டும். தரையில் சரியாகக் கை ஊன்ற முடியாததால் புறப்பாடு பிந்தியது, அதனால்தான் ஐந்தாவது. இதை இந்த வீட்டில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன் போல. அதற்காகப் பொய்யாகிவிடுமா?

மோகன் பிறகு தனியாக வந்து, "அதையெல்லாம் நம்மூர்ல எல்லாரும் செய்யறதுதானே செல்வி. அதுக்குப் போயி ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கறே" என்றார்.

"எல்லாரும் செய்வாங்க. ஹர்டிலைத் தொட்டு ஆருங்க செஞ்சாங்க? நான் செஞ்சேன்."

"சரி, நீதான் செஞ்சே."

நம்பாமல் ஒப்புக்கொள்கிறவர்களோடு சண்டை போட வழியே இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. க்ளினிக் போகும் முன் பாயசம், மா பச்சடி. வேப்பம்பூ இந்தியன் கடையில் இல்லை. கசப்புக்குக் குறைவில்லை, நானே இருக்கிறேன்.

சாயங்காலம் நிலா குதித்துக்கொண்டு வந்தாள். நோக் இப்போது சான் ஹோசேயில் இருக்கிறாளாம், கணவர் அங்கே இன்ஜினியர். (தெரியும். எனக்குத் தெரியாதா.) நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஹூஸ்டனில் ஒரு தடகளப் போட்டி, 26ஆம் தேதி சனிக்கிழமை. நோக் ஓட வருகிறாள். ஓட்டம் முடிந்து பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவாள். நிலாவின் டீம் மொத்தமும் போகிறது.

"அம்மா, ஷி இஸ் கமிங் ஹியர்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். என்னைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் இருக்கும்.

பாத்திரம் தேய்த்துவிட்டு, போட்டியின் பக்கத்தைத் திறந்து படித்தேன். பெண்கள், நாற்பது ப்ளஸ், எண்பது மீட்டர் தடை ஓட்டம். எட்டுத் தடை. உயரம் குறைவு. யார் வேண்டுமானாலும் சேரலாம்.

சேர்ந்துவிட்டேன்.

காரணம் ஒன்றுதான், வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். அவளை ஜெயிக்க அல்ல. அது நடக்காது. நிலாவுக்கு முன்னால் அவள் வாயால் சொல்ல வேண்டும், "இது இவளுடையது" என்று. அது போதும். பிறகு அந்தக் கும்பிடை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

காலை ஆறு மணி, பள்ளி மைதானம். யாருமில்லை, ஒரு நாயும் அதன் ஆளும் மட்டும். துணிக்கூடை இரண்டு, மேலே துடைப்பக் கட்டை, இதுதான் என் தடை. முதல் முறை கட்டையோடு போனேன். இரண்டாம் முறை கூடையோடு. நாயின் ஆள் "ஆர் யூ ஓகே?" என்றார்.

கணக்கு: இடது தொடை இழுக்கிறது. வலது குதிகால் வலி. இடுப்பு, பேசவே வேண்டாம். மூச்சு, நாலு தாண்டலுக்கு மேல் நின்று வாங்கினால்தான் வரும்.

ஆனால் ஏழாம் முறை சரியாக வந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, தாண்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு, தாண்டு. தாண்டிய பிறகும் கொஞ்ச தூரம் சும்மா ஓடிக்கொண்டே இருந்தேன்.

பயிற்சிக்கு முன் துடைப்பக் கட்டையைத் தொட்டுக் கும்பிட்டேன். வலது கையால்.

மோகனுக்குச் சொல்லியாயிற்று. "காலை ஒடிச்சுக்கப் போற" என்றார். பிறகு காரேஜில் தேடி, பெயின்ட் அடிக்கும்போது வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் ஸ்டாண்டை எடுத்துவந்து, "இது கூடையைவிட நல்லா நிக்கும்" என்றார். நல்ல மனிதர். கேசரி விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வேண்டாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மழை. பயிற்சி இல்லை. மணிக்கட்டு குடைகிறது.

அண்ணன் ஈரோட்டிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். பாங்காக் படம் ஏதாவது இருக்கா என்று கேட்டிருந்தேன், பீரோவைக் கலைத்துத் தேடியிருக்கிறான். ஒன்றுதான் கிடைத்தது. ஓட்டம் முடிந்து எட்டு பேரும் வரிசையாக நிற்கிறோம். நோக் நடுவில், சிரிப்பு, நெற்றியில் வியர்வை. நான் ஓரம். ஒல்லி. இரட்டைப் பின்னல். வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருக்கிறேன், கட்டுத் தெரியக் கூடாதென்று. யாரும் எதையும் கும்பிடவில்லை.

இது ப்ரூஃப் இல்லை. ஆனாலும் நிலாவிடம் காட்டினேன். "அம்மா, யூ வேர் ஸோ ஸ்கின்னி" என்றாள். பிறகு, "இதுல நோக் எவ்ளோ க்யூட்!" என்றாள். படத்தைப் பெரிதாக்கி அவளை மட்டும் வெட்டித் தோழிகளுக்கு அனுப்பினாள்.

என்னை வெட்டிவிட்டு.

ஏப்ரல் 24, வியாழன்

நோக்கிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்கள். பாங்காக்கில் என் கையில் நாலு வார்த்தைதான் இருந்தது. இப்போது அப்படியில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன் சொல்லிப் பார்த்தது:

1. என்னை ஞாபகம் இருக்கிறதா? பாங்காக், மூன்றாவது லேன்.
2. அந்தக் கும்பிடு நான் சொல்லிக் கொடுத்தது.
3. வலது கையால் செய்ய வேண்டும்.

மூன்றாவதை முதலில் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஸ்டெல்லா அக்கா குளுக்கோஸ் பாக்கெட் தந்தார். "ஓடி முடிச்சிட்டு அந்தப் பிள்ளையோட சண்டை பிடியாதேயும், என்ன" என்றார். அந்தப் பிள்ளைக்கு நாற்பத்திரண்டு வயது.

வாங்க: வாழைப்பழம், சேஃப்டி பின், நிலா லேஸ் (இன்னும்).

ஏப்ரல் 26, சனி

மாலை ஐந்து. முழங்காலில் ஐஸ். வரிசையாக எழுத வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நானே மாற்றிவிடுவேன்.

வெயில். காற்றில்லை. எங்கள் ஓட்டத்தில் ஐந்து பேர். நான் மூன்றாவது லேன். நோக் நாலாவது. அது எப்படி அமைந்தது என்று தெரியவில்லை, அமைந்தது.

கிட்டத்தில் பார்த்தால் கண்ணோரம் சுருக்கம். முழங்காலில் ஆபரேஷன் தழும்பு, நீளமாக. திருப்திப்படலாம் என்று பார்த்தேன். ஆனால் கால், அந்தக் கால் அப்படியே இருக்கிறது. இருபது வயசுப் பெண் கால். அதற்குப் பிறகு நான் என் காலைப் பார்க்கவில்லை.

என் முதல் தடையிடம் போனேன். தொட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்தால் அவள் என்னைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து நிற்கிறாள். ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஓ! யூ டூ மை டச்!" என்றாள்.

மை டச்.

பிறகு தலையை ஆட்டி, "பட் லெஃப்ட் ஹாண்ட்" என்றாள். என் வலது கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, இடது கையைத் தட்டிக் காட்டினாள். அன்பாகத்தான். சின்னப் பிள்ளைக்குக் காட்டுகிற அன்பு. என்னிடம் மூன்று வாக்கியம் தயாராக இருந்தது. நான் சொன்னது "தாங்க்யூ."

தாங்க்யூ சொன்னேன்!

துப்பாக்கி. முதல் தடை, இருவரும் ஒன்றாக. இரண்டாவது, ஒன்றாக. மூன்றாவது, அவள் மூச்சு எனக்குக் கேட்டது, என் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்கும். அந்த மூன்று தடைக்கு எனக்கு அவள்மீது ஒன்றுமே இல்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு, தாண்டு, அவ்வளவுதான். நாலாவதில் அவள் போய்விட்டாள். ஆறாவது தடையை முழங்காலால் இடித்துத் தள்ளினேன். விழவில்லை. நாலாவது இடம். ஐந்தாவது வந்தவர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடினாராம், மோகன் சொன்னார்.

பிறகு படிக்கட்டில் பிள்ளைகள் எல்லாரும், நோக் கீழே ஒரு நாற்காலியில். நான் கடைசி வரிசைக்குப் பக்கத்தில், நின்றபடி. அவள் ஆங்கிலம் இப்போது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதிலும் தோல்வி. எந்த ஊரில் குளிர், எந்த ஊரில் ட்ராக் மெத்தென்றிருந்தது, விழுந்த அன்று ஹோட்டலில் என்ன சாப்பிட்டாள், எல்லாம் சொன்னாள். (விழுந்த அன்று ஒன்றும் சாப்பிடவில்லையாம். நான் தரையைப் பார்த்தேன்.)

நிலா கை தூக்கினாள். "ஹூ டாட் யூ த டச்?"

அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று என் மகள் கேட்டாள். எனக்காகவா, தனக்காகவா தெரியவில்லை.

நோக் சொன்னது, முடிந்தவரை அவள் சொன்னபடியே: பாங்காக்கில் ஒரு பெண். இந்தியாவோ ஸ்ரீலங்காவோ, பெயர் தெரியாது. யாரையும் பார்க்க மாட்டாள், கோபமாக இருப்பாள், எனக்கு அவளைக் கண்டால் பயம். தடையிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டாள். ஓட்டத்தில் ஒரு தடை விழுந்துவிட்டது. முடிந்ததும் நாங்கள் எல்லாரும் அழுதுகொண்டோ குதித்துக்கொண்டோ இருந்தோம். அவள் மட்டும் தனியாகத் திரும்பி நடந்துபோய், விழுந்த தடையை நிமிர்த்திவைத்து, மறுபடி ஸாரி சொன்னாள். இவள் பெரிய ஆளாக வருவாள் என்று நினைத்தேன். பிறகு எங்கே போனாலும் அவளைத் தேடினேன். அவள் வரவே இல்லை.

திரும்பிப் போய் நிமிர்த்தி வைத்தது எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை.

இருபத்து நாலு வருடம் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தேடிக்கொண்டிருந்தாளாம். இன்று ஒரு மீட்டர் தள்ளி நின்றேன். கையைக்கூடப் பிடித்தாள். தெரியவில்லை அவளுக்கு.

நிலா உட்காரவில்லை. "ஒய் லெஃப்ட் ஹாண்ட்?" என்றாள். வீட்டில் நான் திட்டியதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

நோக் சிரித்தாள். "அவள் இடது கையால்தான் செய்தாள். வலது கையில் பெரிய கட்டு, விரல் வரைக்கும் வெள்ளைத் துணி. ஆனால் நான் அப்போது, இடது கைதான் முறை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். முறையை மாற்றக் கூடாது இல்லையா? அதனால் எப்போதும் இடது."

கட்டு. விரல் வரைக்கும். ஆமாம். அந்தக் கையால் நான் எப்படித் தொட்டிருக்க முடியும்?

மணிக்கட்டைப் பற்றி ஆயிரம் முறை சொன்னேன். இடது கையைப் பற்றி ஆயிரம் முறை திட்டினேன். இரண்டையும் ஒரு தடவைகூட நான் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. தோற்றதற்கு அந்தக் கை காரணம். ஆனால் கும்பிட்டதும் அதே கையால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்.

நிலா மெதுவாகத் திரும்பினாள். முகத்தை அல்ல, என் மணிக்கட்டைப் பார்த்தாள். நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அந்தப் போட்டோவில் நிற்பது மாதிரியே. அது அவளுக்கும் உறைத்திருக்கும்.

மறுபடி கை தூக்கப் போனாள். சொல்லிவிடுவாள், எங்க அம்மாதான் என்று. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வேகமாக. கை கீழே இறங்கியது.

ஏன்? பெருந்தன்மை இல்லை, இங்கேயாவது பொய் எழுத வேண்டாம். சொல்லியிருந்தால் நோக் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். எல்லாரும் கை தட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். பிறகு எனக்கு அவளைப் பிடித்துப்போய்த் தொலைக்கும். இவ்வளவு வருடம் வளர்த்த பொறாமையை, ஒரு நிமிடத்தில், அதுவும் வெயிலில் நின்றுகொண்டு, கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

காரில் மோகன் மட்டும் பேசினார். டிராஃபிக்கைப் பற்றி.

ஏப்ரல் 27, ஞாயிறு

விடியும்போதே நல்ல மழை. கார் தானாகக் கழுவியாயிற்று. முழங்கால் பூசணி மாதிரி. நாளை லீவு கேட்க வேண்டும், முழங்கால் பார்க்கிற இடத்தில் முழங்காலுக்காக லீவு. ஸ்டெல்லா அக்கா, "சண்டை பிடிச்சனீரோ?" என்று மெசேஜ். இல்லை என்று போட்டேன். "தோத்தனீரோ?" என்றார். பதில் போடவில்லை.

நிலா நேற்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்.

காலை பத்து மணி இருக்கும். ஹாலில் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். நிலா கிச்சனிலிருந்து சீரியல் கிண்ணத்தோடு வந்தாள். சுற்றிப் போகச் சோம்பல், என் கால்களை ஒரே எட்டில் தாண்டினாள். படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது, உட்கார்ந்திருப்பவர் காலைத் தாண்டக் கூடாது, எத்தனை தடவை சொல்வது என்று வாயைத் திறந்தேன். அவள் குதிகால் லேசாக என் முழங்காலில் பட்டது.

நின்றாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். திரும்பி வந்து குனிந்து, ஐஸ் பையை நகர்த்திவிட்டு, முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இடது கையால்.

"வலது கைடி" என்றேன். பழக்கம்.

"நோ, அம்மா" என்றாள். "உன்னோடது லெஃப்ட்தான்."